தாகம் அடங்காத கல்

ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினால் கிளம்புகிற சூடு, மூன்று லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அடுப்பும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்த காலத்தில், ஆண்டு தொடக்கத்தில் நான் காட்டும் முதல் சோதனை இதுதான். ஓர் இரும்புத் தட்டில் கோலிகுண்டு அளவுக் கட்டிகள் நாலைந்தை வைத்து மேலே தண்ணீர் தெளிப்பேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வரும். அப்புறம் கட்டியில் ஒரு கீறல் விழும், சீறல் கேட்கும், ஆவி பறக்கும். கட்டி உப்பி, பிளந்து, பூவாக உதிர்ந்து, இருந்ததைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு கடைசி பெஞ்சும் எழுந்து முன்னால் வந்துவிடும்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். "தண்ணீலேருந்து டீச்சர்" என்பான் ஒருவன். "கல்லுக்குள்ள இருந்து" என்பாள் இன்னொருத்தி. இரண்டாவது பதில் ஓரளவு சரி. கல்லுக்குள் அது எப்படிப் போனது என்பதுதான் கால்சியம் ஆக்சைடின் கதை.

சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், சங்கு, முட்டை ஓடு, பவளப்பாறை எல்லாம் வேதியியல்படி பெரும்பாலும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். இதை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அதிலிருக்கும் கார்பன் டைஆக்சைடு பிரிந்து மேலே போய்விடும். நூறு கிலோ சுத்தமான கல்லை வைத்தால் 44 கிலோ காற்றோடு போகும், 56 கிலோ மிஞ்சும். மிஞ்சியதுதான் கால்சியம் ஆக்சைடு. காளவாய்க்காரர்கள் சொல்லும் சுட்ட சுண்ணாம்பு. இதில் தண்ணீர் சேர்த்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுவதும் சுவருக்கு அடிப்பதும் இந்த நீற்றிய சுண்ணாம்பு.

கல்லாக இருந்தபோது யாரோடும் வம்புக்குப் போகாத பொருள் இது. தாஜ்மகால் பளிங்கும் இதே கார்பனேட்தானே, மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. சுட்ட பிறகு குணம் தலைகீழாகிவிடுகிறது. காளவாய்த் தீ கொடுத்த ஆற்றலைச் சுமந்துகொண்டு, இழந்ததை எப்படியாவது திரும்பப் பிடித்துவிடத் தவிக்கிறது. கண்ட இடத்தில் தண்ணீரை இழுக்கும், அதன்பின் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுக்கும். சுண்ணாம்பு செய்கிற நல்லது கெட்டது அத்தனையும் இந்தத் தாகம் ஒன்றிலிருந்து வருவதுதான் என்பது என் கட்சி.

பள்ளி ஆய்வகங்களில் இந்தத் தாகத்தைத் தினம் பார்க்கலாம். மூடி சரியாக இறுகாத பாட்டிலில் வாங்கிவைத்த கட்டிகள் அடுத்த கல்வியாண்டில் மாவாகக் கிடக்கும். தண்ணீர் ஊற்றினால் சீறாது, சுடாது. ஈரமும் காற்றும் மெல்ல மெல்லப் புகுந்து அதன் வேலையை முடித்திருக்கும். காளவாயில் இறக்கிய சுண்ணாம்பைச் சூடு ஆறியதும் விற்றுவிட வேண்டும் என்று எங்கள் பக்கத்து வியாபாரிகள் அவசரப்பட்டதற்குக் காரணமும் இதுதான்.

இந்த விஷயத்தை முதலில் தராசில் வைத்துப் பார்த்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக். அவர் காலத்து எடின்பரோ மருத்துவர்கள் சிறுநீர்ப்பைக் கல்லைச் சுண்ணாம்பு நீரால் கரைக்க முடியுமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்குக் காரம் வருவது அடுப்புத் தீயிலிருந்து ஏதோ ஒன்று கல்லுக்குள் ஏறுவதால்தான் என்பது அன்றைய நம்பிக்கை. பிளாக் எடைபோட்டார். ஏதாவது ஏறியிருந்தால் எடை கூடியிருக்க வேண்டும், குறைந்தல்லவா இருக்கிறது? கல்லிலிருந்து ஒரு காற்று வெளியேறுகிறது என்று 1756-இல் எழுதி, அதற்கு 'நிலைத்த காற்று' என்று பெயரிட்டார். இன்று நாம் கார்பன் டைஆக்சைடு என்பது அதைத்தான். சாதாரணக் காற்றைத் தவிர வேறு காற்றுகளும் உண்டு என்று உலகம் நம்பத் தொடங்கியதில் நம் வெற்றிலைப் பெட்டிப் பொருளுக்கும் பங்குண்டு. ஆனாலும் 1789-இல் லவாய்சியே தனிமங்களின் பட்டியல் போட்டபோது சுண்ணாம்பையும் ஒரு தனிமமாகவே சேர்த்திருந்தார். அவ்வளவு இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கிறது அதற்குள் இருக்கும் உலோகம். 1808-இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சித்தான் அந்தப் பிடியை விடுவித்து, கால்சியத்தைத் தனியே எடுத்தார்.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, உடன்குடியை ஒட்டிய தேரிக்காட்டுப் பக்கம். சிறுமியாக இருந்தபோது கடற்கரையோரம் கிளிஞ்சல் காளவாய்கள் எரிந்தன. ஆள் உயரத்துக்கு வட்டமாகக் கட்டிய சுவர், அடியில் காற்று போக வாய். கிளிஞ்சல் ஓர் அடுக்கு, கரி ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிக் கொட்டி, கீழே தீ வைப்பார்கள். எரிந்து முடிந்த பிறகும் கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே இருக்கும், வரிகள்கூட அழிந்திருக்காது. கையில் எடுத்தால் மட்டும் கனமே தெரியாது. தண்ணீர் தெளித்ததும் அந்த உருவம் உடைந்து மாவாகிவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு வெண்மை அதிகம். களிமண்ணும் இரும்பும் கலந்த கல் சுண்ணாம்பு அந்த நிறத்தைக் கொடுக்காது. ஆகவே பூச்சின் கடைசிக் கோட்டுக்கும் வெற்றிலைக்கும் கிளிஞ்சல், அடித்தளத்துக்கும் கலவைக்கும் கல் என்று ஒரு பிரிவினை இருந்தது.

காளவாயின் பக்கத்தில் போகக் கூடாது என்று ஆச்சி மிரட்டுவாள். தீயைவிடப் பெரிய ஆபத்து அங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. கல் விடுகிற கார்பன் டைஆக்சைடும், அரைகுறையாக எரிந்த கரி விடுகிற கார்பன் மோனாக்சைடும் வாசனையில்லாதவை. குளிருக்குக் காளவாய் ஓரம் ஒதுங்கிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன கதைகள் பல நாடுகளில் உண்டு. அப்பர் பெருமானைப் பல்லவ மன்னன் ஏழு நாள் நீற்றறையில் அடைத்து வைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நீற்றறை என்பது இந்தக் காளவாய்தான். கோயிலில் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் வேதியியல் டீச்சர், தண்டனை கொடுத்தவன் சுண்ணாம்பை நன்றாகத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொள்வாள். 900 டிகிரி சூடு, மூச்சுமுட்டும் காற்று, ஈரம் பட்டால் வேகவைக்கும் தூள், மூன்றும் ஒரே அறையில்.

எங்கள் பக்கம் சுண்ணாம்பை அதிகம் வாங்கியவர்கள் கொத்தனார்கள் அல்ல, பனையேறிகள். பனம்பாளையிலிருந்து சொட்டுகிற சாறு இனிப்பானது. அதை அப்படியே கலயத்தில் விட்டால் காற்றில் திரியும் ஈஸ்ட்டுகள் சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயமாக மாற்றத் தொடங்கிவிடும், அது கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு காரத்தன்மை அடைந்து ஈஸ்ட்டுகள் வேலை செய்ய முடியாமல் போகும், அது பதனி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். நடுவில் ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். கள் இறக்கத் தடை இருக்கும் நம் மாநிலத்தில், பனையேறி குற்றவாளியா இல்லையா என்பதையும் அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் தீர்மானிக்கிறது.

அளவு தவறினால் சிக்கல். குறைந்தால் புளிக்கும். கூடினால் நாக்கு பொத்துப்போகும், கருப்பட்டி சரியாக இறுகாது. காய்ச்சுகிற பெண்கள் பதனியைத் தெளியவைத்து, அடியில் படியும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் வடித்து எடுப்பார்கள். "கூடிப்போச்சுன்னா கருப்பட்டி கன்னங்கரேல்னு போயிரும் தாயி, பொறவு எவன் வாங்குவான்?" என்று எங்கள் வீட்டுக்குக் கருப்பட்டி கொண்டுவரும் அக்கா ஒருத்தி சொல்வாள். காரம் மிகுந்த கரைசலைக் காய்ச்சினால் சர்க்கரை சிதைந்து கருக்கும் என்பதை நான் கல்லூரியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு அது அடுப்படியிலேயே தெரிந்திருந்தது. கரும்பாலைகளிலும் சாற்றைத் தெளியவைக்க இதே சுண்ணாம்புதான். அங்கே தொட்டி தொட்டியாகப் போகிறது.

கட்டடத்துக்கு வருவோம். சுண்ணாம்பின் முழுப் பயணமும் தெரிவது சுவரில்தான். கல்லைச் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து அரைத்துப் பூசினால், பூச்சு முதலில் காய்கிறது, பிறகு இறுகுகிறது. காய்வது தண்ணீர் போவதால். இறுகுவது காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடு வந்து சேர்வதால். எதைத் தொலைத்துவிட்டுக் காளவாயிலிருந்து இறங்கியதோ அதையே திரும்பப் பிடித்து, மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடுகிறது. சுவரில் நாம் பூசுவது திரவமாக்கிய கல் என்றே சொல்லலாம். ஆனால் இது மேலிருந்து உள்ளே மெல்லப் போகிற வேலை. தடித்த சுவரின் நடுப்பகுதி கல்லாக மாறப் பல ஆண்டுகள் ஆகும்.

பழைய வீடு ஒன்றைப் பழுதுபார்க்க வந்திருந்த மூத்த கொத்தனாரிடம், நீற்றிய சுண்ணாம்பை ஏன் இத்தனை நாள் தொட்டியில் ஊறப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "நீத்துன அன்னைக்கே பூசினா சுவரு பொரி பொரியா வெடிக்கும் டீச்சர். உள்ள நீறாம ஒண்ணு ரெண்டு கட்டி கெடக்கும்லா, அது பூசின பொறவு தண்ணி குடிச்சி வீங்கும்" என்றார். அதிகமாகச் சுட்டுப்போன மணிகள் தாமதமாகத்தான் நீறும். நீறும்போது பருமன் கூடி, காய்ந்த பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அவர் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஏன் ஊற்றுகிறீர்கள் என்றும் கேட்டேன். "அப்பதான் கரண்டிக்கு வழுக்கும்" என்றார். சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும், கலவையும் சீக்கிரம் இறுகாமல் கைக்கு இணங்கும். கடுக்காயின் துவர்ப்பும் கலவையைப் பிணைக்க உதவுகிறது.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். கோட்டின் மேல் கோட்டாகப் பூசி, கடைசிக் கோட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய வேலை அது. சென்னையில் கம்பெனி காலத்தில் கட்டிய மாளிகைகளின் தூண்களைப் பளிங்கு என்று நினைத்து ஏமாந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் கடிதங்களில் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று புகழ்ந்து எழுதினார்கள். ஒருவகையில் அவர்கள் ஏமாறவில்லை, பளிங்கும் அதே பொருள்தான். மெட்ராஸ் டெரஸ் என்ற கூரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தேக்கு விட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சாய்வாகச் செருகி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இன்றைய கான்கிரீட் மாடிகளிலும் வெயிலையும் மழையையும் தடுக்க மேலே போடும் சுண்ணாம்பு ஜல்லி, அந்தப் பழைய கூரையின் மிச்சம்.

இப்போது சுண்ணாம்பு வீடு கட்டுவது ஒரு நாகரிகமாகி இருக்கிறது. எனக்கு அதில் பாதி மகிழ்ச்சி, பாதி எரிச்சல். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைக்க, ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரித்துப் பூச்சைப் பெயர்த்துவிடும். பல பழைய கோயில்களையும் வீடுகளையும் 'பழுதுபார்த்து' கெடுத்தது இப்படித்தான். ஆனால் நாலு மாடிக் குடியிருப்பின் தூணைச் சுண்ணாம்பில் நிறுத்த முடியாது. இறுகக் காலம் பிடிக்கும், சுமை தாங்கும் வலிமை குறைவு, அரைக்கவும் அடிக்கவும் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. நம் முன்னோர் சிமெண்டுக்காரனைவிடப் பெரிய விஞ்ஞானிகள் என்று வாட்ஸ்அப்பில் வருகிற பெருமிதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் கையில் இருந்த பொருளை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தப் பெருமையே போதும்.

சிமெண்டும் வேறு சாதி அல்லவே. சுண்ணாம்புக்கல்லோடு களிமண் சேர்த்து 1,450 டிகிரி வரை சுட்டு அரைத்தால் சிமெண்டு. அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் கால்சியம் ஆக்சைடுதான், சிலிக்காவோடும் அலுமினாவோடும் கட்டுண்டு கிடக்கிறது. இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் முதன்முதலாகச் சிமெண்டு தயாரிக்க முயன்ற ஊர் சென்னை. 1904-இல், அதுவும் கடற்கிளிஞ்சலை வைத்து. முயற்சி நிலைக்கவில்லை. பின்னாளில் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து, அரியலூர் என்று ஆலைகள் வந்தன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் டைனோசர் காலத்துக் கடலின் அடித்தளம். சுரங்கங்களில் கிடைத்த கடலுயிர்ப் படிமங்களை வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நம் வீட்டுச் சுவரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

இதே தாகம் கான்கிரீட்டுக்கு எமனாகும் இடம் ஒன்று இருக்கிறது. சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது நீற்றிய சுண்ணாம்பும் உபரியாக உண்டாகிறது. அதன் காரத்தன்மை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆண்டுகள் போகப் போகக் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடு உள்ளே இறங்கி அந்தச் சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றும். சுண்ணாம்புச் சுவருக்கு வலிமை தந்த அதே மாற்றம், இங்கே கம்பியின் காவலை எடுத்துவிடுகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்து, அடிப்பகுதி பெயர்ந்து, கம்பி பல்லிளிக்கும். கம்பிக்கு மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அந்தக் கான்கிரீட்டுக்கு நாள் தவறாமல் தண்ணீர் விட வேண்டும் என்று பொறியாளர்கள் அடித்துக்கொள்வது இந்தக் காற்றைத் தாமதப்படுத்தத்தான்.

காளவாயிலிருந்து போன அந்த 44 கிலோவின் கணக்கும் இன்று பெரிதாகிவிட்டது. உலகம் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகை அல்ல, கல்லே விடுகிற காற்று. சூரிய சக்தியில் சுட்டாலும் அது வெளியேறத்தான் செய்யும். இதற்கு எளிய விடை யாரிடமும் இல்லை.

மற்ற தொழில்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருக்காலையில் இரும்பிலிருக்கும் சிலிக்கா, பாஸ்பரஸ் போன்ற அழுக்குகளைக் கசடாகப் பிரித்தெடுக்கக் கால்சியம் ஆக்சைடு கொட்டுகிறார்கள். உலகில் இதை அதிகம் தின்பது எஃகுத் தொழில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் பதனிடும் தொட்டிகளில் தோலிலிருந்து முடியை விடுவிப்பது சுண்ணாம்பு. கரியோடு சேர்த்து மின் உலையில் 2,000 டிகிரிக்குக் காய்ச்சினால் கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைப் பழுக்கவைக்கத் தடைசெய்யப்பட்ட அதே கார்பைடு கல். நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். மின்விளக்கு வருமுன், 1820-களில், சுண்ணாம்புக் கட்டியின் மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த சுடரைப் பாய்ச்சினால் அது கண்கூசும் வெள்ளொளி விடுவதைக் கண்டார்கள். 2,500 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும் பொருள் என்பதால் அந்தச் சுடரில் தாக்குப்பிடித்தது. லண்டன் நாடக மேடைகளில் நடிகர்களின் முகத்தில் விழுந்தது அந்த வெளிச்சம்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ஆரத்திச் சோதனை. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டால் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். காரமா அமிலமா என்று சொல்லும் கருவி அவர்கள் வீட்டுப் பூஜையறையிலேயே இருந்தது என்றதும் அசந்துபோவார்கள். இன்னொன்று தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதுவது. நம் மூச்சுக்காற்று பட்டதும் பால்போல் கலங்கும். அந்தக் கலங்கல், சுண்ணாம்புக்கல்லின் பொடி. இத்தோடு பாடப்புத்தகம் நின்றுவிடும். நிறுத்தாமல் ஊதச் சொல்வேன். கன்னம் வலிக்க ஊதினால் கலங்கல் மறைந்து மறுபடியும் தெளிந்துவிடும், கார்பனேட் பைகார்பனேட்டாகிக் கரைந்துவிடுவதால். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் திரும்பவும் கலங்கும். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒட்டும் வெள்ளைப் படலம் இப்படி வந்ததுதான். இந்தக் கடினத்தன்மையை எடுக்க, தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று 1841-இல் தாமஸ் கிளார்க் கண்டுபிடித்தார். சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பையே போடுவதாவது என்று பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். செய்து காட்டினால்தான் வாயை மூடுவார்கள்.

வெற்றிலைக்கு வருகிறேன். ஆச்சியின் வாய் சிவப்பு எனக்கும் பிடித்த நிறம்தான். ஆனால் பாக்கோடு சுண்ணாம்பு சேரும்போது, அந்தக் காரத்தில் பாக்கின் பொருள்கள் வேகமாக மாறி, வாயின் மெல்லிய தோலைச் சிதைக்கும் துணுக்குகள் உண்டாகின்றன. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்துவிட்டது. கல்யாணத் தாம்பூலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அன்றாடப் பழக்கத்தைச் சொல்கிறேன். அடுத்தது, கோதுமை மணி அளவு சுண்ணாம்பைத் தயிரில் கலந்து தினமும் குடித்தால் கால்சியம் கிடைக்கும், குட்டையானவர் உயருவார் என்று சுற்றுகிற வீடியோக்கள். கடையில் விற்கும் சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யார் சோதித்தார்கள்? கால்சியம் வேண்டுமென்றால் கேழ்வரகுக் கூழ் குடியுங்கள், முருங்கைக்கீரை சாப்பிடுங்கள்.

இதையெல்லாம்விட என்னைக் கவலைப்படுத்துவது பெட்டிக்கடையில் தொங்கும் சிறிய சுண்ணாம்புப் பொட்டலம். பிளாஸ்டிக் உறை, உள்ளே குழைந்த சுண்ணாம்பு, விலை ஒன்றிரண்டு ரூபாய். தாத்தாவுக்கு வாங்கிவரச் சொல்லிப் பிள்ளையை அனுப்புகிறோம். வருகிற வழியில் பிள்ளை அதைப் பிதுக்கி விளையாடும், உறை வெடிக்கும், முகத்துக்கு நேராக இருந்தால் கண்ணில் தெறிக்கும். இந்தியாவின் கண் மருத்துவர்கள் இந்த வகை விபத்தைத் திரும்பத் திரும்ப எழுதி எச்சரிக்கிறார்கள். என் வகுப்பில் இடது கருவிழி வெளுத்துப்போன மாணவன் ஒருவன் இருந்தான். நான்கு வயதில் நடந்ததாம். கரும்பலகையைப் பார்க்கத் தலையை ஒருபக்கமாகத் திருப்பி உட்காருவான். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்ற பழமொழியை அதன்பிறகு நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

அமிலம் பட்டால் கண்ணின் மேல்புறப் புரதம் உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் அப்படியல்ல. திசுவின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். சுண்ணாம்புத் துகள் இமைக்கடியில் ஒட்டிக்கொண்டால் கழுவிய பிறகும் காரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் கண்ணில் சுண்ணாம்பு பட்டால் ஆட்டோ தேடி ஓடுவதற்கு முன்னால் தண்ணீர். குழாயோ குடமோ, கிடைக்கிற சுத்தமான தண்ணீரை, இமையை விரித்துப் பிடித்து, அரைமணி நேரம் விடாமல் ஊற்றுங்கள். இமையைத் திருப்பிப் பார்த்துத் தெரிகிற துகள்களை ஈரத் துணி நுனியால் எடுத்துவிடுங்கள். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சம்பழமும் பிழிய வேண்டாம். பிறகு நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள், வலி குறைந்திருந்தாலும் போங்கள். வீட்டில் சுண்ணாம்பு நீற்றுகிறவர்கள் அகலமான பாத்திரத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குனிந்து பார்க்காதீர்கள். வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் இறுக மூடும் டப்பாவில் சுண்ணாம்பை வைத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள். பொட்டலம் வாங்கக் குழந்தையை மட்டும் கடைக்கு அனுப்பாதீர்கள்.